படத்தில் அம்மா எங்கே?



சென்ற நவராத்திரி முடிந்த மறுநாள், எடுத்த போட்டோக்களை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொலுப்படி, சுண்டல் தட்டு, வாசல் கோலம், பட்டுப்பாவாடையில் பேத்தி, வேஷ்டி தடுக்கும் பேரன், எல்லாம் அழகாக வந்திருந்தன. பேத்தி திடீரென்று கேட்டாள்:

"ஏன் பாட்டி, அன்னிக்கு அம்மா ஊர்ல இல்லையா?"

என் மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படி கட்டியவள் அவள், சுண்டல் தாளித்தவள் அவள், அத்தனை படத்தையும் எடுத்தவளும் அவளேதான். அதனால்தான் ஒன்றில்கூட அவள் இல்லை!

நான் உள்ளே போய் என் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதே கதைதான். என் மகன் தவழ்ந்தது, நடந்தது, முதல் மொட்டை எல்லாம் இருக்கிறது. நான்? ஒரே ஒரு படத்தில், தரையில் நீளமாக விழுந்திருக்கும் என் நிழல் இருக்கிறது. அவ்வளவுதான்.

"அத்தை, ஒரு ட்ரைபாட் வாங்கிடறேன்" என்றாள் மருமகள். காமிரா வாங்கி ஆறு மாதமே ஆன புதுசு அவள். நல்ல யோசனைதான். ஆனால் முதலில் வாங்கியது தப்பாகிவிட்டது. விலை மலிவு, கனமும் அரைக் கிலோதான் என்று ஒன்றை வாங்கினாள். பேரனின் பிறந்த நாளன்று மின்விசிறிக் காற்றிலேயே ஆடியது. குழந்தை ஓடிவந்து காலைத் தட்டினான். காமிராவோடு சாய்ந்தது! நல்ல வேளை, மெத்தைமேல் விழுந்தது. குழந்தையின் தலைக்கும் அதற்கும் ஒரு முழ தூரம்தான். அதற்குப் பிறகு கடைக்கு நானும் கூடப் போனேன். அங்கே கேட்டும், வீட்டில் வைத்துப் பழகியும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

மூன்று கால் ஏன்?

இது நமக்குத் தெரியாததா என்ன? மண் அடுப்புக்கு மூன்று குமிழ்தானே! மூன்று புள்ளியில் உட்கார்ந்த பானை, தரை மேடுபள்ளமானாலும் தடதடக்காது. நாலு கால் மேஜைக்குத்தான் அட்டை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. காமிரா ஸ்டாண்டுக்கும் அதே கணக்குத்தான்.

கையில் பிடித்து எடுக்கும்போது, காமிரா கண் திறந்து மூடும் நேரம் நீண்டால் படம் கலங்கிவிடும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் சுமாராக ஒரு விநாடியில் 50-இல் ஒரு பங்குக்கு மேல் கையை நம்ப முடியாது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் அரை விநாடி, ஒரு விநாடி தேவைப்படும். அங்கேதான் ஸ்டாண்டு கை கொடுக்கும்.

ஆனால் ஒன்று. ஸ்டாண்டு காமிராவை அசையாமல் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது! துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையை எடுக்க, ஸ்டாண்டு இருந்தாலும் பகல் வெளிச்சமோ ஜன்னலோரமோதான் சரி. இது புரியாமல், "ட்ரைபாட் வாங்கியும் படம் கலங்குதே" என்று வருத்தப்பட வேண்டாம்.

எவ்வளவு கனம் தாங்கும்?

காமிராவையும் உங்களிடமிருக்கும் பெரிய லென்ஸையும் சேர்த்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ வந்தால், குறைந்தது இரண்டு கிலோ தாங்கும் என்று குறிப்பிட்டிருக்கும் ஸ்டாண்டாகப் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் கணக்கு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். அதனால்தான் இரண்டு மடங்கு.

ஸ்டாண்டின் சொந்தக் கனம் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அலுமினியமே நல்லது. கார்பன் ஃபைபர் என்று ஒன்று உண்டு. கனம் குறைவு, விலை அதிகம். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று கிலோவில் பிரமாதமான ஸ்டாண்டு வாங்கி, தூக்க முடியாமல் பரணில் போட்டுவிட்டால் யாருக்கு லாபம்?

எவ்வளவு உயரம்?

கடைக்காரர் ஆறடிக்கு நீட்டிக் காட்டுவார். மயங்காதீர்கள். உங்கள் உயரம் 5 அடி 2 அங்குலம் என்றால், கண் மட்டம் சுமார் 145 செ.மீ. ஸ்டாண்டின் தலைப்பகுதியும் காமிராவும் 15 முதல் 20 செ.மீ. எடுத்துக்கொள்ளும். ஆக, கால்கள் மட்டும் 125, 130 செ.மீ. நீண்டால் தாராளம்.

நடுவிலே ஒரு தண்டு மேலே ஏறும். அதை ஏற்றினால் மூன்று கால் ஸ்டாண்டு ஒரு கால் ஸ்டாண்டு மாதிரி ஆடத் தொடங்கும். எனவே தண்டை ஏற்றாமல் அளந்து பாருங்கள்.

நமக்கு உயரத்தைவிட முக்கியம், எவ்வளவு தாழும் என்பது. தவழும் குழந்தையை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். கால்களை நன்றாக விரித்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்குகிறதா என்று கேளுங்கள். மடக்கினால் 45 செ.மீ.க்குள் அடங்கினால் ஊருக்குப் போகும் பைக்குள் போய்விடும்.

தலை எப்படி?

உருண்டைத் தலை என்றால் ஒரே திருகுதான். தளர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பும். வேகம் அதிகம். ஆனால் தளர்த்தும்போது காமிராவை மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொப்பென்று மூக்கைத் தொங்கப் போட்டுவிடும். கைப்பிடி வைத்த தலையில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பலாம். நிதானமானது. வீடியோவும் எடுப்பவர்களுக்கு வசதி. பிள்ளைகளின் பின்னால் ஓடும் என் மருமகள் உருண்டைத் தலையையே எடுத்துக்கொண்டாள்.

காமிராவை மாட்டும் திருகு பெரும்பாலும் கால் அங்குல அளவுதான். அதே திருகில் கைபேசியைப் பிடிக்கும் கிளிப்பையும் மாட்டலாம். ஆகவே காமிரா இல்லாதவர்களும் இதே ஸ்டாண்டை வாங்கலாம். இன்று கைபேசி, நாளை காமிரா!

கடையில் ஐந்து நிமிடம்

உங்கள் காமிராவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

1. கால்களை முழுதும் நீட்டச் சொல்லி, மேலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். கால் உள்ளே நழுவினால் வேண்டாம்.

2. தலையைப் பிடித்து இலேசாக முறுக்கிப் பாருங்கள். கடகடவென்றால் வேண்டாம்.

3. காமிராவை மாட்டி, நெட்டுக்குத்தாகச் சாய்த்து இறுக்கி, கையை எடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தலை தாழ்ந்திருந்தால் வேண்டாம்.

4. பூட்டை ஒரே கையால் திறந்து மூடிப் பாருங்கள். மறு இடுப்பில் குழந்தை இருக்குமே! கொக்கி போல் மடங்கும் பூட்டா, திருகும் பூட்டா என்பது உங்கள் கை பழக்கம். விரல் நசுங்காமல் இருந்தால் சரி.

5. காமிராவின் அடியில் மாட்டும் சிறு தகடு கழன்று வரும். அதற்கு மாற்றுத் தகடு கிடைக்குமா என்று கேளுங்கள். அது தொலைந்தால் ஸ்டாண்டு வெறும் குச்சிதான்.

குழந்தை இருக்கும் வீட்டில்

காமிராவின் கழுத்து வார் தொங்கக்கூடாது. பிள்ளைகள் முதலில் இழுப்பது அதைத்தான். சுருட்டிக் கட்டிவிடுங்கள். காலை நீட்டும்போது மேலே உள்ள தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள். கீழே உள்ள மெல்லிய பகுதி கடைசியில்தான். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுத் தொங்கவிடுங்கள். பை தரையை ஒட்டினாற்போல் இருக்கட்டும், ஊசலாடக்கூடாது. படம் எடுத்து முடிந்ததும் உடனே மடக்கிவிடுங்கள். "அப்புறம் மடிச்சுக்கலாம்" என்பதில்தான் ஆபத்து.

கடற்கரைக்குக் கொண்டுபோனால், திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் துடைத்துக் காய வைத்து மடக்குங்கள். மணலும் உப்பும் பூட்டுக்கு எமன். பழைய கோயில், கோட்டை என்று போகும்போது ஸ்டாண்டு வைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் வைக்க விடமாட்டார்கள்.

இனி, நீங்களும் படத்தில் வருவது எப்படி? நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் ஒரு தலையணையையோ மாமியாரையோ உட்கார வைத்து, படம் தெளிவாக விழும்படி சரிசெய்யுங்கள். டைமரை 10 விநாடிக்கு வைத்து, ஓடாமல் நடந்து போய் உட்காருங்கள். ஒரே தடவையில் அடுத்தடுத்து நாலைந்து படம் எடுக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒருவர் கண் மூடினாலும் இன்னொன்று தேறும்.

"இந்த வயசில் இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரூன் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு, 1863-இல் மகளும் மருமகனும் ஒரு காமிரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48, பல பிள்ளைகளின் தாய். கோழிக்கூண்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார்! பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி, 1879-இல் அங்கேயே காலமானார். இன்றும் உலகம் அவர் எடுத்த படங்களைப் பார்த்து வியக்கிறது.

நமக்கு உலகம் வியக்க வேண்டாம். போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு படம் எடுத்தோம். விளக்கேற்றிய கூடத்தில் பேத்தி, பேரன், நடுவில் மருமகள். தலை கொஞ்சம் கலைந்திருக்கிறது, முந்தானை சொருகியபடியே இருக்கிறது. "ஐயோ, இப்படியா!" என்றாள் அவள்.

பேத்தி விடவில்லை. "இதுதாம்மா நல்லாருக்கு. இதிலே நீ இருக்கே!"

இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்?