முதலிடம் யாருக்கு?



ஞாயிறு காலை ஆலய மணி ஒலிக்கும் வேளையில் எமது வீதிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். புத்தகப் பைகளுடன் துவிச்சக்கர வண்டிகளில் பிள்ளைகள் விரைந்து செல்வார்கள். அவர்களுள் பலர் எமது பங்குகளைச் சேர்ந்தவர்களே. ஆனால் அவர்கள் விரைவது திருப்பலிக்கு அல்ல, ரியூசன் வகுப்பிற்கு. தரம் 5 புலமைப்பரிசிலில் தொடங்கும் இந்த ஓட்டம் உயர்தரப் பரீட்சை வரை நிற்பதில்லை. முதல்நன்மைக்காக ஒரு நாளும் தவறாமல் மறைக்கல்விக்கு வந்த பிள்ளை, உறுதிபூசுதல் பெற்றபின் ஆலயத்தில் காணக் கிடைப்பதில்லை. கேட்டால், "சோதினை முடியட்டும் சுவாமி, பிறகு ஒழுங்காக வருவான்" என்கின்றனர் பெற்றோர்.

இப்பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டையும் காணியையும் தொழிலையும் இழந்த மக்களுக்கு, எவராலும் பறிக்க முடியாத சொத்தாக எஞ்சியது கல்வி ஒன்றே. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அவர்களது அச்சம் நியாயமானது. இயேசுவும் அந்த அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், எதை உண்போம், எதை உடுப்போம் எனக் கலங்கிய மக்களிடமே அவர் பேசுகின்றார். இவை உங்களுக்குத் தேவையில்லை என்று அவர் கூறவில்லை. இவை தேவை என்பதை விண்ணகத் தந்தை அறிவார் என்றே கூறுகின்றார். இறையாட்சியை மட்டும் தேடும்படி அல்ல, அதனை முதலில் தேடும்படியே அவர் கேட்கின்றார். ஆகவே கல்வியா கடவுளா என்பதல்ல எமது கேள்வி. எது முதலில் என்பதே கேள்வி.

எமது வாழ்வில் எதற்கு முதலிடம் என்பதை அறிவது கடினமன்று. இரண்டு கடமைகள் ஒரே நேரத்தில் மோதும்போது எது எப்போதும் வழிவிடுகின்றதோ, அது இரண்டாவது. வீட்டின் முன் அறையில் இயேசுவின் திருவிருதயப் படம் இருக்கலாம். அதன் முன் விளக்கும் எரியலாம். ஆனால் "இந்த ஞாயிறு பூசை வேண்டாம், வகுப்பு இருக்கின்றது" என்று ஐந்து ஆண்டுகள் கேட்டு வளரும் பிள்ளை, கடவுள் காத்திருக்கலாம், மற்றவை காத்திருக்க முடியாது என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. நாம் அறியாமலே புகட்டும் மறைக்கல்வி இது. பரீட்சைகளோ முடிவதில்லை. உயர்தரத்தின் பின் பல்கலைக்கழகம், அதன்பின் வேலை, வெளிநாட்டுப் பயணம், வீடு கட்டுதல் என ஒவ்வொன்றும் தன் முறைக்கு முதலிடம் கேட்கும்.

நாசரேத்துத் திருக்குடும்பத்தை நோக்குவோம். சூசையப்பர் கைத்தொழிலால் வாழ்ந்தவர். குழந்தையைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தபோது ஏழைகளுக்குரிய பலியையே அக்குடும்பம் செலுத்தியது. ஆயினும், ஆண்டுதோறும் பாஸ்கா விழாவிற்கு நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான வழியைக் கடந்து அவர்கள் எருசலேம் சென்றதாக லூக்கா எழுதுகின்றார். போகவும் வரவும் பல நாட்கள். அந்நாட்களுக்கு உழைப்பும் இல்லை, வருமானமும் இல்லை. பன்னிரண்டு வயதில் இயேசு, தாம் தம் தந்தையின் இல்லத்தில் இருக்கவேண்டியவர் என்று கூறியதற்குப் பின்னால், அவரை அந்த இல்லத்திற்குத் தவறாமல் அழைத்துச் சென்ற பெற்றோர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

எமது முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு மாறுவேடத்தில் இந்நாட்டிற்கு வந்த யோசப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்தில் இரவு வேளைகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அதிற் பங்குகொண்ட மக்கள் தண்டனையின் ஆபத்தை அறிந்தே வந்தனர். 2015ஆம் ஆண்டு கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது பெருமகிழ்ச்சியடைந்த நாம், அம்மக்கள் ஆபத்தின் மத்தியில் விடாது காத்த திருப்பலியை ஒரு நேர அட்டவணைக்காக விட்டுவிடுகின்றோம்.

என்ன செய்யலாம்? ஞாயிறு காலை உண்மையிலேயே இயலாதவர்களுக்காகச் சனி மாலைத் திருப்பலியையும் திருச்சபை ஏற்றுக்கொள்கின்றது. பெற்றோர் பலர் சேர்ந்து கேட்டால் வகுப்பின் நேரத்தை மாற்ற எத்தனையோ ஆசிரியர்கள் இணங்குவர். ரியூசன் நடத்தும் கத்தோலிக்க ஆசிரியர்கள், ஞாயிறு காலையை ஆண்டவருக்கு விட்டுவைப்பதைத் தம் நற்செய்திப் பணியாகக் கருதலாம். இரவில் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லக் கால்மணி நேரம் போதும். குருக்களாகிய எமக்கும் இதிற் பொறுப்புண்டு. குறித்த நேரத்தில் தொடங்காத திருப்பலியும் ஆயத்தமின்றி நீளும் மறையுரையும் பிள்ளைகளை அழைக்கமாட்டா. இதனை நான் முதலில் எனக்கே கூறிக்கொள்கின்றேன்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உயர்ந்த பெறுபேறுகளைப் பெறட்டும். ஆனால் பெறுபேறு கைகொடாத நாளொன்றும் வாழ்வில் வரும். நோயும் இழப்பும் தனிமையும் கதவைத் தட்டும் அந்நாளில், யாரிடம் செல்வது என்பதை அறிந்த பிள்ளைகளாக அவர்களை வளர்த்துவிடுங்கள். வரும் ஞாயிறு ஆலய மணி ஒலிக்கும்போது உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே முன்னே நடந்து வாருங்கள். திருக்குடும்பத்தின் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!