தோப்பும் கேணியும்



கடந்த மாதம் ஒரு அலுவலாக நல்லூர்ப் பக்கம் போயிருந்தேன். முத்திரைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பருத்தித்துறை வீதியால் நடந்தேன். வீதியோரம் சங்கிலியன் தோப்பு வளைவு. எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் நின்று பார்த்தேன். உள்ளே போக வாசல் இருக்கிறது, போய்ச் சேர மாளிகை இல்லை.

அரண்மனை இருந்த இடத்தை ஏன் தோப்பு என்கிறோம்? மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இதற்கு விடை தருகிறது. நல்லூரில் அரசன் மதிலும் மாளிகையும் எழுப்பி, பூங்காவும் வைத்தான். பூங்கா நடுவே நீராடும் மண்டபம் ஒன்றையும் கேணி ஒன்றையும் அமைத்து, அந்தக் கேணியில் யமுனை நதியின் தீர்த்தத்தைக் கலந்தான் என்று அந்நூல் சொல்கிறது.

மாளிகை, மரநிழல், நடுவே நீர். பாரசீக மன்னர்களும் இப்படித்தான் ஆசைப்பட்டார்கள். இஸ்பகான் நகரில் இரண்டாம் ஷா அப்பாஸ் மன்னர் 1647இல் ஒரு தோட்ட மாளிகையைக் கட்டி முடித்தார். அதன் முகப்பில் உயர்ந்த மரத்தூண்கள் இருபது. முன்னால் நீண்ட தடாகம். தூண்களின் நிழல் தண்ணீரில் விழ, இருபது நாற்பதாகத் தெரியும். அதனால் அதற்கு 'நாற்பது தூண்' என்றே பெயர். சுவர்களில் போரும் விருந்தும் ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. கண்ணாடித் துண்டுகள் பதித்த அலங்காரமும் உண்டு. 2011இல் பாரசீகத் தோட்டங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இதுவும் அவற்றில் ஒன்றானது.

இரு நாட்டுக்கும் போர்த்துக்கேயர் வந்தார்கள். பாரசீகர் 1622இல் ஆங்கிலேயரின் கப்பல்களின் துணையுடன் ஹோர்முஸ் தீவிலிருந்து அவர்களை விரட்டினார்கள். எங்கள் நல்லூரோ அதற்கு மூன்று வருடம் முன்பு, 1619இல், அவர்கள் கையில் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

மிஞ்சியவை மூன்று. ஒன்று இந்த வளைவு. மற்றது மந்திரி மனை. இவை இரண்டும் இன்றைய உருவில் அரசர் காலத்துக்குப் பிந்தியவை, ஐரோப்பியர் காலச் சாயல் கொண்டவை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மந்திரி மனை முகப்பின் மரவேலைப்பாட்டைப் பார்த்தால், எங்கள் ஊர்த் தச்சரின் கைவண்ணம் விளங்கும். ஆனால் 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. மூன்றாவது, 'ப' வடிவில் கட்டப்பட்ட யமுனா ஏரி. அரச குடும்பத்துப் பெண்கள் நீராடிய இடம் என்பது ஊர் வழக்கு.

அந்தக் கேணிக்கரையில் நின்றபோது என் அம்மாவின் நினைவு வந்தது. 1995 இடப்பெயர்வின் பின் நாங்கள் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவு யன்னலும் இல்லை. பற்றை மூடிக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது. அம்மா கிணற்றடியில் நின்று, "இதிலைதான் குசினி, அதிலை சாமியறை" என்று கையால் காட்டினார். அவர் காட்டிய இடத்தில்தான் பிறகு அத்திவாரம் வெட்டினோம்.

நல்லூர் அரண்மனைக்கு அப்படிக் கைகாட்ட எவரும் மிஞ்சவில்லை. அதில் வாழ்ந்த பெண்கள் எழுதி வைத்தது ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வைபவமாலையும் நூறு வருடத்துக்கு மேல் கழித்தே எழுதப்பட்டது.

சகோதரிகளே, உங்களில் பலர் வீட்டை இழந்தவர்கள். சிலர் இன்னும் காணிக்கே திரும்பாதவர்கள். ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் வீடு இருந்தபடி கீறுங்கள். தலைவாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, மாமரம் எங்கே, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். கீற வராவிட்டால் பிள்ளைக்குச் சொல்லிக் கீறுவியுங்கள். எங்கள் வீட்டுக்கு நாங்கள்தான் வைபவமாலை எழுத வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.