தப்பு பண்ணின பிள்ளைக்குப் பக்கத்துல பெத்தவங்க நிக்கணும்

இந்த வாரம் விவசாயம் பத்தி எழுதலை.

பக்கத்து ஊர்ல 16 வயசுப் பையன் ஒருத்தன், கிணத்து மோட்டார் வயர் திருடின கேஸ்ல மாட்டிக்கிட்டான். "வளர்ப்பு சரியில்ல, பெத்தவங்களைப் பிடிச்சு உள்ள போடணும்"னு டீக்கடையில ஆளாளுக்குப் பேசறாங்க. வயரைப் பறிகொடுத்தவன் வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும். பயிர் காயும்போது மோட்டார் ஓடலைன்னா என்ன பாடுன்னு விவசாயிக்குச் சொல்லணுமா? ஆனா பெத்தவங்களைத் தள்ளி வச்சுட்டு ஒரு பிள்ளையைத் திருத்திட முடியாதுங்கிறதுதான் என் கருத்து.

2015-ல வந்த இளைஞர் நீதிச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. 18 வயசு ஆகாத பிள்ளையை லாக்கப்ல வைக்கக்கூடாது. பிடிச்சதும் பெத்தவங்களுக்குத் தகவல் சொல்லணும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்துல ஆஜர்படுத்தணும். குழுமத்துல ஒரு மாஜிஸ்திரேட்டும் ரெண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பாங்க. விசாரணையோட ஒவ்வொரு கட்டத்துலயும் பிள்ளையும் பெத்தவங்களும் விவரம் தெரிஞ்சு கலந்துக்கறாங்களான்னு பாக்கறது அவங்க கடமை. நன்னடத்தை அலுவலர் குடும்ப நிலைமையை விசாரிச்சு ரெண்டு வாரத்துல அறிக்கை கொடுக்கணும்.

பெத்தவங்க போனா என்ன ஆகும்? வயசை நிரூபிக்கப் பள்ளிக்கூடச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கொண்டு போகலாம். ஜாமீன்ல கூட்டிட்டு வரலாம். கடைசியில, சின்னத் திருட்டு, அடிதடி மாதிரி கேஸ்ல பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் புத்தி சொல்லி வீட்டுக்கே அனுப்பச் சட்டத்துல இடம் இருக்கு. பத்திரம் எழுதி வாங்கிட்டு, மூணு வருஷம் வரைக்கும் பெத்தவங்க கண்காணிப்புல விடவும் செய்யலாம். ஆனா ஒப்படைக்க ஆள் வரணுமே! யாரும் வரலைன்னா பையன் கூர்நோக்கு இல்லத்துலயே கிடப்பான். அங்க அவனுக்கு யார் சகவாசம் கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பெத்தவங்க ஏன் வரலை? பாசம் இல்லாமலா? கரும்பு வெட்டு, செங்கல் சூளைன்னு முன்பணம் வாங்கிட்டு வெளியூர் போனவங்க நினைச்ச நேரத்துல திரும்ப முடியாது. உள்ளூர்லயே இருந்தாலும் ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, ரெண்டு பஸ் மாறணும். போனா என்ன கேப்பாங்களோன்னு பயம். எல்லாத்துக்கும் மேல அவமானம். "அவன் எம்பிள்ளையே இல்ல"ன்னு சொல்ற அப்பன், ராத்திரி தூங்காம உக்காந்திருப்பான்.

அதனால அரசாங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். வாய்தாவுக்கு வர்ற ஏழைப் பெத்தவங்களுக்குப் பஸ் காசும் அன்னிக்குக் கூலியும் கொடுங்க. தேதி குறிக்கும்போது அவங்க வேலையையும் கேட்டுக்கோங்க. என்ன நடக்குதுன்னு நிதானமா, அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஊராட்சித் தலைவர் தலைமையில கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். அது பேப்பர்ல மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல. நாலு மாசத்துக்கு ஒரு தடவையாவது நிஜமாக் கூடணும்.

"குடிச்சுட்டு அடிக்கிற அப்பன் கையில பிள்ளையைக் கொடுக்கலாமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கொடுக்கக் கூடாதுதான். ஆனா குடும்பம்னா அப்பன் ஒருத்தன் மட்டும் இல்லையே. பாட்டி இருக்கா, தாய்மாமன் இருக்கான், சித்தி இருக்கா. பொறுப்பா வளர்க்கிற ஆள் யாருன்னு தேடிப் பாத்து அவங்களையும் உக்கார வச்சுப் பேசணும்.

நமக்கும் வேலை இருக்கு. உங்க ஊர்ல இப்படி ஒண்ணு நடந்தா, அந்த அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி கிடைக்கும். பையன் பேரையும் போட்டோவையும் வாட்ஸ்அப்ல சுத்த விடாதீங்க. அவன் அடையாளத்தை வெளியிடறது சட்டப்படி குற்றம். திரும்பி வந்தா பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க, இல்லைன்னா தொழில் கத்துக்க ஒரு இடம் பாருங்க. திருட்டுப்பயன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, அவன் திருடனாத்தான் ஆவான்.

உங்க கருத்தையும் எழுதுங்க.