மங்கிய படமும் பெருக்கற் கணக்கும்

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது வலிகாமத்துக் குடும்பங்கள் பல, கைக்கு அகப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீடுகளைவிட்டுப் புறப்பட்டன. அவ்வாறு தப்பிய அம்மம்மாவின் திருமணப் படம் உங்கள் வீட்டிலும் மங்கிக் கிடக்கின்றதா? வருந்தற்க. கணினி பழகிய மாணவர் அதனை ஓரளவு மீட்கலாம்.

படத்தை வருடியிற் பதிந்து, போட்டோஷொப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் செயலியிலோ திறந்துகொள்க. அதன் பிரதியொன்றை மேற்படலமாக வைத்து, கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என மாற்றுக. மல்டிப்ளை என்பது பெருக்கலே. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் கொள்வோம். மங்கிய கூந்தலின் ஒளி 0.5 ஆயின், தன்னாற் பெருக்க 0.25 ஆகும், வெளிறிய சேலையின் 0.9 ஆனது 0.81 ஆகும். முன்பு 0.4 ஆக இருந்த வேறுபாடு இப்போது 0.56. பள்ளியிற் கற்ற தசமக் கணக்கே முகத்தைத் துலக்கிவிடுகின்றது! இருண்டுபோன படத்துக்கு ‘ஸ்கிரீன்’ முறை ஏற்றது. அஃது எதிர்மாறாக ஒளியைக் கூட்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். கறையான் தின்ற இடத்தை எப்பெருக்கலும் நிரப்பாது, எஞ்சியதையே தெளிவாக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவேயில்லை. ஆதலின் மூலப் பதிவைத் திருத்தாது தனியே சேமித்துவிட்டுப் பிரதியிலேயே கைவைக்க. அம்மம்மா அருகிலிருக்கும்போதே படத்திலுள்ளோர் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்க. அவற்றை எந்தச் செயலியும் சொல்லித் தராது.