கோடும் வண்ணமும்

வரைகதை ஒன்றைப் படிப்பவர் முதலில் தேடுவது கதையை. அடுத்து நோக்குவது ஓவியத்தை. வண்ணத்தைத் தனியே எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கோட்டோவியம் முடிந்தபின் இடைவெளிகளை நிரப்பும் பூச்சு என்றே அது பலராலும் கருதப்படுகிறது. இக்கருத்து பொருந்தாது. சூப்பர்மேன், பேட்மேன், ஹல்க் முதலிய மீத்திறன் நாயகர்களின் கதைகளில் வண்ணமும் கதை சொல்கிறது. வண்ணம் மாறினால் கதையின் உணர்வு மாறுகிறது. படிப்பவர் பெறும் சுவையும் மாறுகிறது.

கோட்டின் குணம்

ஓவியர் வரையும் கோடே கதையின் உடல். 1960களில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தில் ஒரே காலத்தில் பணியாற்றிய ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரின் ஓவியங்களை ஒப்பிட்டால் இவ்வுண்மை விளங்கும். கிர்பியின் மாந்தர்கள் பாறையில் செதுக்கியவர்கள்போல் தடித்துத் திரண்டவர்கள். அவர்களின் முட்டி கட்டத்தைக் கிழித்துக்கொண்டு படிப்பவரை நோக்கி வரும். டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேனோ மெலிந்த உடலும் வளைந்த விரல்களும் கொண்டவன். அவன் நிற்கும் நிலையிலேயே ஓர் இளைஞனின் தயக்கமும் தனிமையும் புலப்படும். முன்னதில் பெருமிதம் மேலோங்குகிறது. பின்னதில் பரிவு பிறக்கிறது.

கோட்டையே வண்ணத்துள் கரைத்த ஓவியரும் உண்டு. 1994இல் வெளிவந்த 'மார்வெல்ஸ்' என்னும் நூலை அலெக்ஸ் ராஸ் முழுவதும் தூரிகையால் தீட்டினார். ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் கண்வழியே மீத்திறன் நாயகர்களைக் காணும் கதை அது. எளிய மனிதன் அண்ணாந்து பார்த்து வியக்கும் கதைக்கு, உண்மை உருவம் போன்ற அவ்வோவியமே தக்கது. ஆயினும் அம்முறை விரைவைக் குறைக்கிறது. பாய்ந்து செல்லும் கோடு தரும் வேகத்தை நுணுகித் தீட்டிய ஓவியம் தருவதில்லை. மருட்கைக்கு ஒரு முறை, வேகத்துக்கு வேறொரு முறை என்று கதைக்கு ஏற்ப ஓவிய முறையும் அமைதல் வேண்டும்.

அச்சகம் தந்த நிறங்கள்

1938இல் சூப்பர்மேன் தோன்றியபோது அவனுக்கு அமைந்த நிறங்கள் நீலம், சிவப்பு, மஞ்சள். இத்தகைய நிறங்கள் நிலைபெற்றமைக்கு அக்கால அச்சு முறையும் காரணம். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அந்நூல்கள் அச்சாயின. கறுப்பு நீங்கலான மூன்று மைகளையும் சில குறிப்பிட்ட அளவுகளில் புள்ளிகளாகக் கலந்தே பிற நிறங்கள் பெறப்பட்டன. நெடுங்காலம் அவற்றின் எண்ணிக்கை 64 என்னும் எல்லைக்குள் அடங்கியிருந்தது. மையை உறிஞ்சும் காகிதத்தில் நுண்ணிய சாயல்கள் மங்கிவிடும். அடர்ந்த தெளிவான நிறங்களே எடுப்பாகத் தோன்றும். எனவே அவை நாயகர்க்கு உரியவையாயின. பச்சையும் ஊதாவும் பல பகைவர்க்குச் சென்றன. பேட்மேனின் எதிரி ஜோக்கர் ஊதா உடையும் பச்சைத் தலைமுடியும் உடையவனாக விளங்குவதைக் காணலாம். முகத்தைக் காணும் முன்பே நிறத்தைக் கொண்டு 'இவன் யார்' என அறியும் வழக்கம் இவ்வாறு உருவாயிற்று.

அச்சின் குறையே ஒரு நாயகனின் அடையாளமாக மாறியதும் உண்டு. 1962இல் ஸ்டான் லீயும் கிர்பியும் படைத்த ஹல்க், முதல் இதழில் சாம்பல் நிறத்தவன். அன்றைய அச்சில் சாம்பல் நிறத்தைச் சீராகப் பெற இயலவில்லை. ஒரு பக்கத்தில் வெளிறியும் மறுபக்கத்தில் கறுத்தும் அவன் தோன்றினான். ஆதலால் இரண்டாம் இதழிலேயே பச்சை நிறத்தவன் ஆக்கப்பட்டான். இன்று பச்சை நிறமின்றி அவனை எண்ணிப் பார்ப்பது அரிது. 1980களில் சாம்பல் நிற ஹல்க் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, அந்நிறம் வேறொரு மனநிலைக்குரிய அடையாளமாகவே ஆளப்பட்டது. நிறம் மாறியதும் ஆளே மாறியதாகப் படிப்பவர் ஏற்றனர். வெறும் பூச்சுக்கு இவ்வாற்றல் ஏது?

முதற்பொருளாகும் வண்ணம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. வரைகதையில் அம்முதற்பொருளைப் பெரிதும் தாங்குவது வண்ணமே. ஒருவன் தெருவில் நடக்கிறான் என்பதைக் கோடு காட்டும். அது விடியலா, அந்தியா, நள்ளிரவா என்பதை வண்ணம் உணர்த்தும். அப்பொழுதுக்கு உரிய உணர்வையும் அதுவே எழுப்பும்.

1986இல் ஃபிராங்க் மில்லர் படைத்த 'த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' இதற்கு ஒரு சான்று. அதில் பேட்மேன் ஐம்பத்தைந்து வயதை எட்டியவன். லின் வார்லி தூரிகையால் தீட்டிய மங்கிய நிறங்கள், நகரின் சோர்வையும் நாயகனின் முதுமையையும் சொல்லின்றியே உணர்த்துகின்றன. அவ்வாண்டே வெளிவரத் தொடங்கிய 'வாட்ச்மென்' தொடருக்கு ஜான் ஹிக்கின்ஸ் வண்ணமிட்டார். நாயகர்க்கு உரியவை எனப் பழகிப்போன முதன்மை நிறங்களை விடுத்து, ஊதா, பச்சை, செம்மஞ்சள் போன்ற கலப்பு நிறங்களையே அவர் மிகுதியும் ஆண்டார். நாயகன் என்னும் கருத்தையே ஐயுறும் கதை அது. அந்த ஐயத்தை முதற்பக்கத்திலேயே வண்ணம் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடுகிறது.

வண்ணம் இன்றியும் வரைகதை சிறக்கும் அன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா நேர்மையானது. சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ் 1972இல் தமிழர்க்கு அறிமுகம் செய்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்து இதழில் கறுப்பு வெள்ளையில் வரையப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலையும் ஒளியையும் கொண்டே அம்மாயத்தை நிகழ்த்தினார். ஆனால் இச்சான்று வண்ணம் தேவையற்றது என மெய்ப்பிப்பதில்லை. வண்ணம் இல்லாத இடத்தில் அதன் பணியை நிழல் ஏற்கிறது என்பதையே மெய்ப்பிக்கிறது. அவ்வோவியத்தின்மேல் பின்னர் ஒருவர் பகட்டான நிறங்களைப் பூசினால், கதை வளம் பெறாது, அச்சம் குன்றும்.

மீண்டும் வண்ணமிடுதல்

பழைய வரைகதைகள் இன்று வழவழப்பான வெண்தாளில் மறுபதிப்புப் பெறுகின்றன; கணினிவழி வண்ணமும் பெருகியுள்ளது. இங்கேதான் சிக்கல் எழுகிறது. 1988இல் ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்த 'த கில்லிங் ஜோக்' நூலுக்கும் ஹிக்கின்ஸ்தான் வண்ணமிட்டார். செம்மஞ்சளும் ஊதாவும் கண்ணைக் குத்த, பித்தேறிய கேளிக்கைக் கூடம்போல் அப்பக்கங்கள் திகழ்ந்தன. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் போலண்ட் தாமே புதிதாக வண்ணமிட்டார். நிறங்கள் தணிந்தன. ஜோக்கரின் கடந்தகாலக் காட்சிகள் கறுப்பு வெள்ளையாயின. சில பொருள்கள் மட்டும் சிவந்து நின்றன. சொல் மாறவில்லை, ஓவியமும் பெரிதும் அதுவே. எனினும் முன்னதைப் படிப்பவர் வெறியைக் காண்கிறார். பின்னதைப் படிப்பவர் துயரத்தைக் காண்கிறார்.

இரண்டில் எது சிறந்தது என்பதில் சுவைஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். புதியது வந்ததும் பழையதை ஒதுக்கிவிடலாமா என்பதே முதன்மையான வினா. ஓவியர்க்குத் தம் படைப்பை மீண்டும் நோக்கும் உரிமை உண்டு. வண்ணமிட்டவரும் ஒரு படைப்பாளரே. அவர் உழைப்பு வரலாற்றிலிருந்து மறைதல் முறையன்று. 'பேட்மேன்: இயர் ஒன்' கதைக்கு 1987இல் வண்ணமிட்ட ரிச்மண்ட் லூயிஸ், அது நூலாகத் தொகுக்கப்பட்டபோது புதிய தாளுக்கு ஏற்பத் தாமே மீண்டும் வண்ணமிட்டார். தாளின் இயல்பறிந்து, உரியவரே செய்த அம்மாற்றம் நல்ல முன்மாதிரி. மாறாக, செய்தித்தாள் காகிதத்துக்கெனத் தேர்ந்த அடர்நிறங்களை வெண்தாளில் அப்படியே ஏற்றினால் அவை கண்ணைக் கூசச் செய்யும். தட்டையான நிறத்துக்கென வரைந்த கோட்டின்மேல் கணினிச் சாயல்களைக் குவித்தால், ஓவியர் வரைந்த நிழல் ஒரு பக்கமும் கணினி இட்ட நிழல் மறுபக்கமுமாகப் பூசலிடும்.

1960களின் மார்வெல் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர், மையிட்டவர், எழுத்து வரைந்தவர் எனப் பலர் பெயரும் இடம்பெற்றன. ஆனால் ஹல்க்குக்கு வண்ணமிட்ட ஸ்டான் கோல்ட்பர்க்கின் பெயர் அங்கு இல்லை. இன்று வண்ணக் கலைஞர் பெயர் அச்சாகிறது. வரைகதைத் துறையின் ஐஸ்னர் விருதுகளில் வண்ணத்துக்கெனத் தனிப்பிரிவும் உள்ளது. இம்மதிப்பு மறுபதிப்புகளிலும் தொடர்தல் வேண்டும். புதிய வண்ணத்தோடு வரும் ஒவ்வொரு பதிப்பும் அதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். முதல் வண்ணப் பதிப்பும் படிப்பவர்க்குக் கிடைத்தல் வேண்டும்.

பழஞ்சுவடியின் பாட வேறுபாடுகளைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காப்பதுபோல், வரைகதையின் வண்ண வேறுபாடுகளும் காக்கப்பட வேண்டியவை. ஒரு சொல் மாறினால் பாடலின் பொருள் மாறும் என்பதை அறிந்தவர்க்கு, ஒரு நிறம் மாறினால் கதையின் பொருள் மாறும் என்பதை உணர்தல் அரிதன்று.