ஆற்றங்கரையில் ஓர் ஆங்கில வகுப்பு



அன்பார்ந்த பெற்றோரே!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை நகருக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. அப்போது நிவாரணப் பொருட்களுடன் வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒருவர், நம் மத்ரஸா மாணவர் ஒருவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது, எந்தெந்த வீடுகளில் முதியோர் இருக்கின்றனர் என்று ஆங்கிலத்தில் வினவினார். பள்ளித் தேர்வில் ஆங்கிலத்தில் 90 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கும் அந்தப் பிள்ளை, பதில் சொல்ல இயலாமல் தலைகுனிந்து நின்றான். வெள்ளத்தைப் பற்றிய கட்டுரை அவனுக்கு மனப்பாடம். தன் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தைச் சொல்லத்தான் அவனிடம் ஆங்கிலம் இல்லை.

குறை பிள்ளையிடம் இல்லை. கற்பித்த நம்மிடம் உள்ளது. மொழியைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நாம் கொடுத்துவிட்டோம். ஒரு வேலையை முடிப்பதற்காகக் கற்கும் மொழியே நாவில் தங்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், யூதர்களுடனான கடிதப் போக்குவரத்துக்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்து, கடிதங்களை வாசிக்கவும் எழுதவும் செய்தார் என்பது திர்மிதியில் பதிவாகியுள்ளது. செய்து முடிக்க வேண்டிய பணி கண்முன் இருந்தது, கல்வி விரைந்தது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறை என்று எழுதியதும் இத்தகைய கல்வியையே.

கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. 2011 முதல் அரசு மடிக்கணினி வழங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. ஆயினும் 'ப்ராஜெக்ட்' என்றவுடன் பிள்ளை ஓடுவது ஸெராக்ஸ் கடைக்குத்தான். கடைக்காரர் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதை அட்டை போட்டு ஒப்படைக்கிறான். பிறர் உழைப்பைத் தன் பெயரில் காட்டுவது அமானிதத்திற்கு மாறானது என்பதை அவனுக்கு நாம் சொல்லித் தந்தோமா?

எனவே, இணையத்தில் கிடைக்காத பணிகளைக் கொடுப்போம். நெல்லையிலிருந்து பாளையங்கோட்டை செல்லும்போது நாம் கடக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து எழுப்பியது. அந்தப் பாலத்தின் கதையை, வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொல்வது போல் மூன்று நிமிட ஆங்கில ஒலிப்பதிவாக ஐந்து பிள்ளைகள் சேர்ந்து செய்யட்டும். நன்னிம்மாவிடம் வெள்ள நினைவுகளைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதட்டும். பிழையோடு பேசிய முதல் பதிவையும் திருத்திய கடைசிப் பதிவையும் அருகருகே வைத்துக் கேட்டால், தன் வளர்ச்சி அவர்களுக்கே புலப்படும்.

கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்ற அச்சம் நமக்கும் இருந்தது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், மறைவாக அறைக்குள் பார்க்கும் கைப்பேசி வேறு. உஸ்தாதின் முன்னிலையில் ஐவருக்கு ஒன்றாக, அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடையே பயன்பட்டு, பின் அலமாரியில் பூட்டப்படும் கைப்பேசி வேறு. மொழிபெயர்ப்புச் செயலியைச் சொல்லுக்குப் பொருள் காண அனுமதிப்போம்; முழுப் பத்தியை எழுதித் தர அனுமதியோம்.

பெண்பிள்ளைகளை இதில் விட்டுவிடக் கூடாது. ஆற்றங்கரைக்குத் தாயோ அத்தாவோ உடன் வரட்டும்; வர இயலாதோர்க்கு வீட்டின் சமையலறையே களமாகட்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் முறையை ஆங்கிலத்தில் விளக்குவதும் சிறந்த பாடமே.

தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்னும் செல்வத்தை நமக்கு விட்டுச் சென்றவர்கள் நம் முன்னோர். வேற்று மொழியைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. தம் மொழியையும் இழக்கவில்லை. மொழிகள் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளுள் ஒன்று என அல்லாஹ் அறிவிக்கின்றான்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் வரும் கோடை விடுமுறையில் நான்கு வாரங்களும் இரண்டு கைப்பேசிகளும் ஒதுக்கட்டும். அடுத்த முறை யாரேனும் வந்து நம் பிள்ளையிடம் வழி கேட்டால், அவன் தலைநிமிர்ந்து பதில் சொல்வான், இன்ஷா அல்லாஹ்.