கரை நம்முடையது, வரைபடம் யாருடையது?



1,076 கி.மீ. நீண்ட தமிழகக் கடற்கரையில் அரசுகள் காப்பிடங்களை வரையறுத்து வருகின்றன. 1986இல் மன்னார்க் குடாக்கடலின் 21 தீவுகள் கடல்சார் பூங்காவாயின. 2002இல் கோடிக்கரை உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிற்று. 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கி.மீ. கடற்பசுக் காப்பகமாயிற்று. உயிர் காக்கும் இப்பணியை வரவேற்கிறோம்.

ஆயின், அவ்வுலகப் பட்டியலில் கோடிக்கரையைத் தேடிப் பாருங்கள்! அது 'பாயிண்ட் காலிமர்' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்படியே எழுத 2020 சூனில் வெளிவந்த ஆணையும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அயலான் நாத்திரிபு நமக்குச் சட்டமாவதா?

பெயர் வெற்றொலியன்று, உரிமைச் சான்று. வலைவீசும் இடத்தைப் 'பாடு' என்றும், கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்றும் நெய்தல் மக்கள் வழங்குவர். வலையுலர்த்தும் மணலுக்கும் படகேற்றும் துறைக்கும் அவர்களிடம் பெயருண்டு. வரைபடத்தில் அவை இல்லையெனில், நாளை அம்மணல் 'வெற்றிடம்' எனப்படும். வெற்றிடத்திற்கு வேறொருவன் உரியவனாவான். மீனவச் சிற்றூர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டுமெனக் கடற்கரை ஒழுங்குமுறை பற்றிய 2011ஆம் ஆண்டு அறிவிக்கையே விதித்தது. விதி ஏட்டில் உறங்கலாகாது.

கடலோர ஆசிரியர்களே, மாணவர்களே! முதியோரிடம் சென்று பாடும் பாரும் துறையும் கேட்டெழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அவ்வேட்டை முன்வைத்து, தமிழ் வரைபடம் கேளுங்கள், தரும்வரை கேளுங்கள்.

பெயரை இழந்தவன் நிலத்தை இழப்பான். பெயர் காப்போம், நெய்தல் காப்போம்!